போர்டு மாட்டியிருந்தும் கதவைத் திறந்தார்கள்: ஹோட்டல் அறைச் சோதனை எதுவரை சரி?

நெல்லைக்காரி (அட்லாண்டா) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பிள்ளைகளின் ஸ்பிரிங் பிரேக்குக்கு ஓர்லாண்டோ போயிருந்தோம். நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை. தீம் பார்க்குக்குச் சொந்தமான ஹோட்டல் இல்லை. வெளியே, சுற்றுலாக்காரர்கள் தங்கும் தெருவில் ஒரு பெரிய ஹோட்டல். பெயர் வேண்டாம்.

ஒரு நாள் அத்தைக்குக் கால் வீங்கிவிட்டது. நீங்க போயிட்டு வாங்க, நான் படுத்திருக்கிறேன் என்றார். தொந்தரவு செய்யாதீர்கள் போர்டை வெளிக் கைப்பிடியில் மாட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். மத்தியானம் அத்தை குளித்துவிட்டு வந்து புடவை சுற்றிக்கொண்டிருக்கும்போது கதவு தட்டும் சத்தம். அவருக்கு இங்கிலீஷ் வராது. "யாரு?" என்று தமிழில் கேட்டிருக்கிறார். பதிலுக்குக் கார்டு போடும் பீப் சத்தம்தான் வந்திருக்கிறது. கதவு திறந்ததும் கோட் போட்ட ஒரு ஆண், பின்னால் ஒரு பெண். சேஃப்டி செக் என்று ஏதோ சொல்லி, அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்து, சாரி சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஆனால் அத்தை அதற்கப்புறம் பாத்ரூமுக்குள்ளேதான் புடவை மாற்றினார், அந்த ஈரத் தரையில், வீங்கின காலோடு.

ரிசப்ஷனில் கேட்டால், போர்டு தொங்கினாலும் 24 மணி நேரத்துக்கு ஒரு தரம் பார்ப்பது எங்கள் விதி என்கிறார்கள். என் வீட்டுக்காரர், "லாஸ் வேகாஸுக்கு அப்புறம் எல்லா இடத்திலும் இப்படித்தான், விடு" என்கிறார். எனக்கு விட மனசில்லை. அப்படியென்றால் அந்த போர்டை எதற்கு மாட்டி வைக்கிறார்கள்? உங்களுக்கெல்லாம் இப்படி நடந்திருக்கிறதா?

---

நேர்ப்பேச்சு நாகு (சிங்கப்பூர்) எழுதியது:

மேடம், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஹோட்டல் அறை நம் வீடு கிடையாது. அத்தைக்கு நேர்ந்தது சங்கடம்தான், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்து அறைக்காரன் துப்பாக்கியை அடுக்கி வைத்திருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்றால், ஏன் சோதனை போடவில்லை என்று இதே இடத்தில் இழை திறந்திருப்போம்.

2009 ஜூலை 17 ஜகார்த்தா. மேரியட்டும் ரிட்ஸ் கார்ல்டனும் ஒரே காலையில் வெடித்தன. வாசலில் சோதனை எல்லாம் இருந்த ஹோட்டல்கள்தான். ஆட்கள் விருந்தினர் மாதிரியே மேரியட்டில் 1808-ஆம் அறையை எடுத்துத் தங்கி, உள்ளேயே வைத்துக் குண்டைத் தயார் செய்திருக்கிறார்கள். வாசலில் பெட்டியை எக்ஸ்ரே எடுத்துவிட்டு, அறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கக் கூடாது என்றால் அது அரைகுறைப் பாதுகாப்பு.

---

எடிசன்வாசி (நியூஜெர்சி) எழுதியது:

உங்கள் வீட்டுக்காரர் சொன்னது சரிதான், ஆனால் முழுக் கதை கொஞ்சம் பெரிது.

2017 அக்டோபர் 1. லாஸ் வேகாஸ் மாண்டலே பே ஹோட்டலின் 32-ஆம் மாடியிலிருந்து ஒருத்தன் கீழே நடந்துகொண்டிருந்த இசை விழாக் கூட்டத்தைச் சுட்டான். அன்று இறந்தவர்கள் 58 பேர். காயத்தோடு இருந்து பின்னால் இறந்தவர்களையும் சேர்த்து 60 என்று கணக்கு மாறியது. சுடுவதற்குச் சில நாள் முன்பே அறை எடுத்து, இருபதுக்கும் மேற்பட்ட பைகளில் ஆயுதங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறான். ஹோட்டலை நடத்தும் எம்ஜிஎம் நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 80 கோடி டாலர் வரை கொடுக்க ஒத்துக்கொண்டது. காப்பீட்டுப் பணம்தான் பெரும்பங்கு. ஆனாலும் அந்தத் தொகையைப் பார்த்து நாடு முழுக்க ஹோட்டல்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கியது.

அந்த வருஷக் கடைசியிலேயே டிஸ்னி வேர்ல்ட் தன் சில ஹோட்டல்களில் பழைய போர்டை எடுத்துவிட்டு "அறையில் ஆள் இருக்கிறார்கள்" என்ற போர்டைக் கொண்டுவந்தது. அதை மாட்டியிருந்தாலும் ஊழியர் தினம் ஒரு தரம் உள்ளே வரலாம் என்று விதி. ஹில்டனும், போர்டு 24 மணி நேரத்துக்கு மேல் தொங்கினால் மேலாளருக்கோ காவலுக்கோ சொல்ல வேண்டும் என்று மாற்றியது. இதில் டிஸ்னி செய்ததை நான் ஒரு வகையில் மதிக்கிறேன். வரத்தான் போகிறோம் என்றால் போர்டில் பொய் சொல்லாதே. தொந்தரவு செய்யாதீர்கள் என்று எழுதித் தந்துவிட்டுத் தொந்தரவு செய்வது மோசடி.

2018 ஆகஸ்டில் டெஃப் கான் என்ற ஹேக்கர் மாநாட்டுக்காக லாஸ் வேகாஸின் சீசர்ஸ் பேலஸ் ஹோட்டலில் தங்கிய கணினிப் பாதுகாப்பு ஆட்களும் பெரிய சண்டை போட்டார்கள். தனியாக இருந்த பெண்களின் அறைக்கு ஆண் காவலர்கள் வந்து நின்றதாகப் புகார். வருகிறவன் நிஜமாகவே ஹோட்டல் ஆள்தானா, உடுப்புப் போட்ட வேற்றாளா என்று உள்ளே இருக்கிறவர் எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் அவர்கள் கேட்ட முக்கியக் கேள்வி. பூட்டை உடைப்பதையே தொழிலாக வைத்திருக்கும் கூட்டம் கேட்ட கேள்வி, நினைவில் வையுங்கள்.

---

மூணாவது மாடி (சென்னை) எழுதியது:

நான் இதே தொழில். சென்னையில் நட்சத்திர ஹோட்டலில் ரூம் பாயாகச் சேர்ந்து, ஃப்ளோர் சூப்பர்வைசராக ரொம்ப வருஷம் ஓட்டியவன். உள்ளேயிருந்து பார்த்தால் எப்படி என்று சொல்கிறேன்.

டிஎன்டி, அதாவது தொந்தரவு செய்யாதீர்கள் போர்டு தொங்கும் அறையைக் காலையில் யாரும் தொடக் கூடாது. தள்ளுவண்டியைக்கூட அந்தக் கதவுக்கு முன்னால் நிறுத்தக் கூடாது. மத்தியானம் இரண்டு மணி வாக்கில் சூப்பர்வைசர் அந்த அறை எண்களைத் தனியாகக் குறித்து ரிசப்ஷனுக்குக் கொடுப்பார். அங்கிருந்து அறைக்கு போன் போகும். "சார், அறை சுத்தம் பண்ணணுமா, டவல் வேணுமா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று ஒரு குரல் வந்தால் போதும், அன்றைக்கு அந்த அறை முடிந்தது. போனை எடுக்கவில்லை என்றால்தான் டியூட்டி மேனேஜரும் செக்யூரிட்டியும் சேர்ந்து போவார்கள். தனியாக யாரும் போவதில்லை. விருந்தினர் பெண் என்று பதிவில் இருந்தால் ஒரு பெண் ஊழியர் முன்னால் நிற்க வேண்டும்.

கதவு தட்டுவதற்கும் முறை இருக்கிறது. விரல் முட்டியால் தட்டணும், சாவியால் தட்டக் கூடாது. யார் என்று சொல்லணும். பத்து எண்ணணும். மறுபடி தட்டணும், சொல்லணும், எண்ணணும். மூன்றாவது தரம்தான் கார்டு. அப்போதும் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, உள்ளே பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு மறுபடி குரல் கொடுக்கணும். புதுப் பையன்களுக்கு முதல் வாரம் முழுக்க இதைத்தான் சொல்லிக் கொடுப்பேன். காலி அறைக் கதவை நாள் பூரா தட்டிக்கொண்டிருப்பார்கள்.

அதனால் மேடம், உங்கள் விஷயத்தில் சோதனை போட்டதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். போட்ட விதம் தப்பு. ஒன்று, முதலில் போன் அடிக்கவில்லை. அதைவிடப் பெரிய தப்பு, உள்ளேயிருந்து குரல் வந்த பிறகு கார்டு போட்டது. எந்த மொழியானால் என்ன, குரல் வந்தால் ஆள் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

நாகு சாருக்கு ஒரு வார்த்தை. அப்படித் திறந்த கதவுகளுக்குப் பின்னால் நான் ஒரு துப்பாக்கிகூடப் பார்த்ததில்லை. சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடந்த பெரியவரைப் பார்த்திருக்கிறேன். பாத்டப் குழாயைத் திறந்துவிட்டுத் தூங்கிப்போய், கீழ் மாடிக் கூரை ஒழுகும் வரை எழுந்திருக்காதவரைப் பார்த்திருக்கிறேன். பில் கட்டாமல் படிக்கட்டு வழியாக இறங்கிப் போனவர்கள் விட்டுவிட்டுப் போன காலி அறை, அது மாசத்துக்கு ஒன்று. சொல்ல விரும்பாத சிலதையும் பார்த்திருக்கிறேன். சோதனைக்கு நிஜமான காரணம் பெரும்பாலும் இவைதான்.

உங்களுக்கு உதவக்கூடிய ஒன்று: கார்டுப் பூட்டு ஒவ்வொன்றும் எந்தக் கார்டு எப்போது திறந்தது என்று ஞாபகம் வைத்திருக்கும். கையடக்கக் கருவியைப் பூட்டில் வைத்து அந்தப் பதிவை எடுத்துவிடலாம். உங்கள் அறைக்கு அந்தத் தேதிகளில் யார் யார் வந்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். போனில் கேட்டால் சாரி சொல்லி வைத்துவிடுவார்கள். அதிக நாள் விடாதீர்கள், புதுப் பதிவு சேரச் சேரப் பழையது அழிந்துபோகும்.

---

இரண்டு வாண்டுகளின் அம்மா (சென்னை) எழுதியது:

அக்கா, உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தால் அவர்கள் திறந்திருக்க முடியாதுதானே?

---

மூணாவது மாடி எழுதியது:

சரியாகக் கேட்டீர்கள் அம்மா. உள்ளேயிருந்து குமிழைத் திருகி டபுள் லாக் போட்டுவிட்டால் ஹவுஸ்கீப்பிங் கார்டு வேலை செய்யாது. மேலாளரிடம் இருக்கும் அவசரக் கார்டு மட்டும்தான் திறக்கும். அதற்கு மேல் அந்த வளைந்த கம்பிக் கொக்கியையும் போட்டுவிட்டால் கதவு நாலு விரல் அளவுக்குத்தான் நகரும். தனியாக இருக்கும் எல்லாரும் இரண்டையும் போடணும்.

---

நெல்லைக்காரி எழுதியது:

போடச் சொல்லித்தான் போனேன். அத்தைக்குப் பயம். "நான் குளிக்கும்போது வழுக்கி விழுந்துட்டா யாரு வந்து திறப்பா?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்ல? ஆள் உள்ளே வரவும் வேண்டும், வரவும் கூடாது.

---

நேர்ப்பேச்சு நாகு எழுதியது:

பார்த்தீர்களா, உங்கள் அத்தையே என் கட்சி.

---

வெள்ளவத்தை மைந்தன் (டொராண்டோ) எழுதியது:

நாகு அண்ணை, நான் வேறு ஒரு கதை சொல்ல வேணும்.

2007 ஜூன் 7, விடியற்காலை. கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கம் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழ்ச் சனத்தைப் பொலிஸ் தட்டி எழுப்பியது. கொழும்பில் நிற்கக் காரணம் காட்டு என்றார்கள். சாமானைக் கட்டச் சொல்லி பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். 376 பேர். வெளிநாட்டுப் பயண அலுவலுக்கு வந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள். காரணம் என்ன சொன்னார்கள்? பாதுகாப்பு. அடுத்த நாளே உச்ச நீதிமன்றம் இதை நிறுத்தச் சொல்லி இடைக்காலத் தடை போட்டது. அப்போதைய பிரதமரும் வருத்தம் தெரிவித்தார். என்ர பெரியம்மா அந்தக் காலத்தில் லொட்ஜில் தங்கினால் உடுப்பை மாற்றாமல், சப்பாத்தைக் கட்டிலுக்குக் கீழே தயாராக வைத்துக்கொண்டுதான் படுப்பா. எந்த நேரத்திலும் கதவு தட்டுவார்கள் என்று.

அதே கொழும்பில் 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. ஷங்ரிலா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி, மூன்று ஹொட்டல்களிலும் தேவாலயங்களிலும் குண்டு. 250க்கு மேல் சனம் செத்தது. சினமன் கிராண்டில் வெடிக்க வைத்தவன் முதல் நாள் இரவு அறை எடுத்துத் தங்கினவன். காலைச் சாப்பாட்டு வரிசையில் மற்றவர்களோடு நின்றவன்.

அதால் சோதனையே வேண்டாம் என்று சொல்லுகிற ஆள் நான் இல்லை. ஆனால் பாதுகாப்பு என்று ஒரு சொல்லைச் சொன்னால் எந்தக் கதவையும் திறக்கலாம் என்று வந்துவிட்டால், முதலில் யாருடைய கதவு திறக்கப்படும் என்று எங்களுக்குத் தெரியும். பாஷை தெரியாத கிழவி இருக்கிற அறைதான் திறக்க இலகு.

---

நேர்ப்பேச்சு நாகு எழுதியது:

மைந்தன், 2007-ல் நடந்தது அரசாங்கம் செய்த அநியாயம். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஒரு தனியார் ஹோட்டல் எல்லா அறையையும் ஒரே மாதிரி எட்டிப் பார்ப்பதும் அதுவும் ஒன்றா? எல்லா அறையையும் பார்ப்பதுதான் பாரபட்சம் இல்லாத வழி. சந்தேகப்பட்ட அறையை மட்டும் பார்ப்போம் என்றால்தான் நம் தோல் நிறத்தைப் பார்த்துக் கதவு தட்டுவான்.

---

வெள்ளவத்தை மைந்தன் எழுதியது:

அது நல்ல கதை, ஒத்துக்கொள்ளுகிறன். எல்லா அறையையும் நிஜமாகவே பார்க்கிறார்களா என்று மட்டும் யாரும் காட்டட்டும்.

---

கருப்புக்கோட்டு (மதுரை) எழுதியது:

சட்டம் பற்றி யாரும் பேசவில்லை, நான் வந்தாக வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் இரண்டு கதவுகள். ஹோட்டல் ஊழியர் உள்ளே வருவது நீங்கள் அறை எடுக்கும்போது கையெழுத்துப் போட்ட நிபந்தனையைப் பொறுத்தது. அதை யாரும் படிப்பதில்லை. படித்தால் சோதனை விதி பெரும்பாலும் அதில் இருக்கும். போலீஸ் வருவது வேறு விஷயம். 1964-ல் ஸ்டோனர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: விருந்தினரின் அறையைப் போலீஸ் சோதிக்க ரிசப்ஷன் குமாஸ்தா சம்மதம் கொடுக்க முடியாது, அது விருந்தினரின் உரிமை. 2015-ல் இன்னொரு படி. விருந்தினர் பதிவேட்டைக் கேட்டவுடன் போலீஸிடம் நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் குற்றம் என்று லாஸ் ஏஞ்சலஸ் நகரம் வைத்திருந்த விதியை அதே நீதிமன்றம் செல்லாது என்றது. நீட்டுவதற்கு முன் ஆட்சேபிக்க ஒரு வாய்ப்பாவது கொடு என்பதுதான் தீர்ப்பு. வழக்குப் போட்டவர்கள் பட்டேல்கள், மோட்டல் நடத்தும் நம் குஜராத்திகள்.

நம் ஊரில்? சத்திரம் சாவடிகளுக்காக 1867-ல் வெள்ளைக்காரன் போட்ட சராய் சட்டத்தின் நிழலில்தான் இன்றும் பதிவேடு, பார்வையிடல் எல்லாம் ஓடுகிறது. போலீஸ் பதிவேட்டைப் பார்க்கலாம். ஆனால் பதிவேடு வேறு, படுக்கையறை வேறு. அறைக்குள் நுழைந்து தேட வேண்டுமென்றால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், சோதனையை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. பெண்ணின் உடலை இன்னொரு பெண்தான் சோதிக்க வேண்டும், இது பழைய சட்டத்திலேயே உண்டு.

2019-ல் கோயம்புத்தூரில் ஒரு விடுதியில் திருமணமாகாத ஜோடி தங்கியிருந்தது என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி அதிகாரிகள் விடுதிக்கே சீல் வைத்தார்கள். அந்த வருஷம் டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சீலை எடுக்கச் சொன்னது. வயது வந்த இரண்டு பேர் ஒரே அறையில் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லையே என்று கேட்டது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொல்லியிருந்தார்கள். அந்தத் தீர்ப்பை நம் லாட்ஜ் வாசல் வரை இழுத்து வர இன்னும் நிறைய இழுக்க வேண்டும்.

---

கும்பகோணம் டிகிரி (கும்பகோணம்) எழுதியது:

வக்கீல் சார் சொன்னதெல்லாம் புத்தகத்தில் சரி. சுதந்திர தினத்துக்கு முன்னால் கோயில் ஊர் ஒன்றில் குடும்பத்தோடு தங்கியிருந்தோம். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கதவு. இரண்டு போலீஸ்காரர்கள், பின்னால் லாட்ஜ் பையன். மரியாதையாகத்தான் பேசினார்கள், "ஐயா, வழக்கமான செக்கிங், கோபிச்சுக்காதீங்க" என்றார்கள். வாசலிலேயே நின்று அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். உள்ளே வரவில்லை. அந்த வகையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பேத்தி தூக்கம் கலைந்து அழுததுதான்.

எனக்குக் கோபம் வந்தது அதில் இல்லை. அறை எடுக்கும்போது ரிசப்ஷன் பையன் எங்கள் எல்லாருடைய ஆதாரையும் மேஜையில் பரப்பி, தன் சொந்த செல்போனில் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் முதலாளிக்கு அனுப்பினான். ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேராம். அந்தப் போனில் இன்னும் எத்தனை குடும்பம் இருக்கிறதோ. மேஜைக்கு அடியில் பழைய ஜெராக்ஸ் தாள்களைக் கட்டாக வைத்திருந்தார்கள். ஒரு தாளின் பின்பக்கத்தில் டிபன் கணக்கு எழுதியிருந்தது. முன்பக்கம் யாரோ ஒரு அம்மாளின் படம், விலாசத்தோடு. கதவைத் தட்டுகிறவனைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், நம் வீட்டு விலாசத்தையே எடுத்துக்கொண்டு போகிறவனைப் பற்றி யாரும் பேசவில்லை.

---

கருப்புக்கோட்டு எழுதியது:

ஐயா, ஆதார்தான் வேண்டும் என்று லாட்ஜ்காரர் பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை காட்டலாம். ஆதார் கொடுத்தே ஆகணும் என்றால் மறைத்த ஆதார் என்று ஒன்று ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே கிடைக்கும். கடைசி நாலு எண் மட்டும் தெரியும். 2022 மே மாதம் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஹோட்டல்கள் ஆதார் நகல் வாங்கி வைக்கக் கூடாது என்கிற மாதிரி ஒரு அறிவிப்பு வெளியிட்டு, ஊரே பதறியதும் அதைத் திரும்பப் பெற்றார்கள். அறிவிப்பு போனாலும் மறைத்த ஆதார் இருக்கிறது, பயன்படுத்துங்கள். நகல் கொடுத்தால் அதன் மேல் குறுக்கே, எந்த லாட்ஜ், என்ன தேதி, தங்குவதற்கு மட்டும் என்று பேனாவால் எழுதிக் கொடுங்கள்.

நெல்லைக்காரி மேடம், உங்கள் பிள்ளைகள் அமெரிக்க பாஸ்போர்ட் என்றால் ஊருக்கு வரும்போது தயாராக இருங்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தங்கினால் ஹோட்டல்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தைப் படிவத்தில் அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டும். சின்ன லாட்ஜ்காரர்கள் இதற்குப் பயந்தே அறை இல்லை என்பார்கள்.

---

இழை மேற்பார்வை:

ஒரு ஹோட்டலின் பெயரையும் மேலாளரின் போன் எண்ணையும் போட்ட பதிவு நீக்கப்பட்டது. அந்தரங்கம் பற்றிய இழையில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே.

---

இரண்டு வாண்டுகளின் அம்மா எழுதியது:

எனக்குத் தட்டிவிட்டு வருகிறவர்களைவிடத் தட்டாமல் பார்க்கிறவர்கள் மேல்தான் பயம். மே மாதம் ஊட்டி போகிறோம். ரகசியக் கேமரா இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? வாட்ஸப்பில் வரும் வீடியோவில் ஒவ்வொருத்தரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

---

சால்டரிங் சாமி (கோயம்புத்தூர்) எழுதியது:

சிசிடிவி மாட்டுவதுதான் என் பிழைப்பு, அதனால் சொல்லலாம்.

பயம் கற்பனை இல்லை. 2019 மார்ச்சில் தென்கொரியப் போலீஸ் ஒரு கும்பலைப் பிடித்தது. 10 ஊர்களில் 30 விடுதிகள், 42 அறைகள். டிவி பெட்டிக்குள், பிளக் பாயிண்டுக்குள், தலைமுடி உலர்த்தி மாட்டும் தாங்கிக்குள் கேமரா. லென்ஸ் ஒரு மில்லிமீட்டர். சுமார் 1,600 பேரை அவர்களுக்கே தெரியாமல் எடுத்து இணையத்தில் நேரலையாக விற்றிருக்கிறார்கள்.

கேமராவுக்கு மின்சாரம் வேண்டும், பார்க்க ஒரு கோணம் வேண்டும். இந்த இரண்டையும் வைத்துத் தேடுங்கள். கட்டிலில் உட்கார்ந்து சுற்றிப் பாருங்கள். உங்களை நேராகப் பார்க்கிற, கரண்ட் போகிற பொருள் எது? டிவிக்குக் கீழே இருக்கும் பெட்டி, அலாரக் கடிகாரம், யாரோ விட்டுப்போன மாதிரி செருகியிருக்கும் சார்ஜர், கூரையில் புகை காட்டும் கருவி. ஒரே அறையில் புகைக் கருவி இரண்டு இருந்தால், அதில் ஒன்று படுக்கைக்கு நேர் மேலே இருந்தால், கேளுங்கள். அப்புறம் விளக்கை அணைத்து, திரையை இழுத்து, டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். லென்ஸ் இருந்தால் ஊசி முனை அளவுக்கு ஒரு புள்ளி மினுக்கும். நகர்ந்தாலும் அங்கேயே மினுக்கும். இருட்டில் பார்க்கும் கேமரா என்றால் அதன் அகச்சிவப்பு விளக்கு உங்கள் செல்போனின் முன்பக்கக் கேமராவில் வெளுத்த ஊதாவாகத் தெரிய வாய்ப்பு உண்டு. வீட்டு டிவி ரிமோட்டை வைத்து முதலில் சோதித்துப் பாருங்கள். எல்லா போனிலும் தெரியாது.

வைஃபையைத் துழாவும் ஆப்பை நம்பி நிம்மதியாகத் தூங்காதீர்கள். மெமரி கார்டில் பதியும் கேமரா வைஃபையில் வராது. கண்ணாடியில் நகத்தை வைத்துப் பார்க்கும் வித்தையும் எல்லாக் கண்ணாடிக்கும் பொருந்தாது.

கதவில் இருக்கும் மேஜிக் ஐயை, வெளியே யார் என்று பார்க்கும் அந்த ஓட்டையை, மறந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் விளையாட்டுச் செய்தியாளர் எரின் ஆண்ட்ரூஸை 2008-ல் நாஷ்வில் ஹோட்டலில் ஒருத்தன் அந்த லென்ஸை மாற்றியமைத்து வெளியிலிருந்து படம் எடுத்தான். அவர் தங்கியிருப்பதை உறுதி செய்துகொண்டு, பக்கத்து அறையையே கேட்டு வாங்கியிருக்கிறான். 2016-ல் ஜூரி 5.5 கோடி டாலர் நஷ்டஈடு சொன்னது, ஹோட்டல் தரப்பும் பங்கு கொடுக்கணும் என்று. ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை உருட்டி அந்த ஓட்டையில் செருகிவிடுங்கள், முடிந்தது.

ஏதாவது கண்ணில் பட்டால் பிடுங்காதீர்கள். கைரேகை, மெமரி எல்லாம் போய்விடும். அப்படியே படம் எடுத்து, துணியால் மூடி, 112-க்கு அடியுங்கள்.

---

கருப்புக்கோட்டு எழுதியது:

சாமி சொன்ன கடைசி வரி முக்கியம். மறைந்திருந்து பெண்ணைப் படம் பிடிப்பது புதிய தண்டனைச் சட்டமான நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு, முதல் தடவையே ஒன்றிலிருந்து மூன்று வருஷம். படம் இணையத்துக்குப் போயிருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் சொல்லி வையுங்கள்.

---

நேர்ப்பேச்சு நாகு எழுதியது:

இந்தக் கணக்கில் ஊட்டிக்குப் போய் ஏரியைப் பார்ப்பதற்குள் விடுமுறை முடிந்துவிடும். அம்மா, டார்ச் அடித்துப் பாருங்கள், டிஷ்யூ செருகுங்கள், பத்து நிமிஷம். அப்புறம் பிள்ளைகளோடு விளையாடுங்கள். பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும் சொல்லிக் கொடுங்கள்: யார் தட்டினாலும் அவர்கள் கதவைத் திறக்கக் கூடாது. அதை நானும் என் வீட்டில் வைத்திருக்கிறேன்.

---

நெல்லைக்காரி எழுதியது:

மூணாவது மாடி அண்ணன் சொன்னபடி மின்னஞ்சல் எழுதினேன். இழுத்தடித்துவிட்டுப் பூட்டுப் பதிவை அனுப்பியிருக்கிறார்கள். அத்தை சொன்ன நேரத்துக்கு செக்யூரிட்டி கார்டு ஒன்று. அது தெரிந்ததுதான். அதற்கு முந்தின நாள், நாங்கள் எல்லாரும் வெளியே இருந்தபோது, பராமரிப்பு ஆளின் கார்டு ஒன்று. கேட்டால் ஏசி ஃபில்டர் மாற்ற வந்தாராம். போர்டு அப்போதும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. வந்ததற்கு ஒரு சீட்டுகூட வைத்துவிட்டுப் போகவில்லை. ஒன்றும் தொலையவில்லை. ஆனால் எனக்கு இதுதான் அதிகமாக உறுத்துகிறது. அத்தையைப் பார்த்தவர்களாவது சாரி சொன்னார்கள்.

போன் அடிக்காமல் போனது எங்கள் நடைமுறைக்கு மாறானது என்று ஒத்துக்கொண்டார்கள். ஒரு ராத்திரி வாடகையைத் திருப்பித் தருகிறார்களாம்.

---

மூணாவது மாடி எழுதியது:

பராமரிப்பு ஆள் தனியாக வந்து சீட்டு வைக்காமல் போனது, எங்கள் ஹோட்டலாக இருந்தால் மெமோ. அடுத்த தடவை அறை எடுக்கும்போதே பதிவில் ஒரு வரி போடச் சொல்லுங்கள்: வயதானவர் அறையில் இருப்பார், உள்ளே வருமுன் போன் செய்யவும், பெண் ஊழியரை அனுப்பவும். கணினியில் அந்த வரி சூப்பர்வைசருக்குத் தெரியும். காலையில் நீங்களே ரிசப்ஷனுக்கு போன் போட்டு, "மத்தியானம் ஒரு மணிக்கு வந்து பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நேரமும் சொல்லிவிடலாம். சோதனை முடிந்த மாதிரியும் ஆச்சு, அத்தை தயாராக இருந்த மாதிரியும் ஆச்சு.

ஊழியர் பக்கமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மூடிய கதவைத் திறந்து உள்ளே போக எங்கள் பெண்களுக்கும் பயம்தான். உள்ளே எப்படிப்பட்ட ஆள் இருப்பான் என்று யாருக்குத் தெரியும்? சிகாகோவில் 2017-ல் ஹோட்டல் பெண் ஊழியர்களுக்கு அபாயப் பொத்தான் கொடுக்கணும் என்று சட்டமே போட்டார்கள். இங்கே எங்கள் பெண்கள் கதவுக்கு நடுவில் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு வேலை செய்கிறார்கள்.

---

நேர்ப்பேச்சு நாகு எழுதியது:

நேரம் சொல்லிவிட்டு வரும் சோதனையில் யார் மாட்டுவான்? துப்பாக்கிக்காரனும் ஒரு மணிக்குத் தயாராக இருப்பான்.

---

மூணாவது மாடி எழுதியது:

இருப்பான் சார். சர்க்கரை இறங்கினவர் இருக்க மாட்டார். அவருக்காகத்தான் நான் போகிறேன்.

---

நெல்லைக்காரி எழுதியது:

நாகு சார், அத்தையிடம் உங்கள் கட்சி பற்றிச் சொன்னேன். அடுத்த தடவை ஹோட்டலே வேண்டாமாம், சமையலறை வைத்த வாடகை வீடு பாருங்கள் என்கிறார். ஏர்பிஎன்பி மாதிரி எடுத்தால் இந்தத் தொல்லை இருக்காதா?

---

சால்டரிங் சாமி எழுதியது:

வேறு தொல்லை இருக்கும். ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் கேமராவே கூடாது என்று விதி போட்டுவிட்டது, அதற்கு முன் ஹாலில் வைக்க அனுமதி இருந்தது. வெளிக் கேமரா வைக்கலாம், ஆனால் எங்கே இருக்கிறது என்று விளம்பரத்திலேயே எழுதணும். முன்பணம் கட்டுமுன் அந்தப் பகுதியைப் படியுங்கள். பின்பக்க நீச்சல் குளத்தைப் பார்த்து ஒன்று இருந்தால் அந்த வீடு வேண்டாம். போய் இறங்கியதும் சாவிப் பூட்டா, எண் பூட்டா என்று பாருங்கள். எண் பூட்டு என்றால் உங்களுக்கு முன்னால் தங்கினவர்களுக்கும் அதே எண்தானா என்று வீட்டுக்காரரிடம் கேட்டு மாற்றச் சொல்லுங்கள்.